வேலுவின் முறை

எங்கள் பினாங்கு கடையில் வேலு என்று ஒருவர் இருந்தார். அவருடைய இடது கட்டைவிரல் ரேகையை வாங்கி வரத்தான் என்னை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். பி.ஏ. முடித்துப் பதினோரு மாதமாக வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி, மாலையில் கடற்கரைக்குப் போய்க் காற்று வாங்குகிறவனை வேறு எதற்கு அனுப்ப முடியும்?

விஷயம் இதுதான். எங்கள் நாட்டில் நீலக் கார்டு வைத்திருப்பவன் குடிமகன். சிவப்புக் கார்டு வைத்திருப்பவன் எத்தனை வருஷம் மூட்டை தூக்கியிருந்தாலும் வெளியாள். வெளியாள் வேலை பார்க்க பெர்மிட் வேண்டும் என்று ஒரு நாள் சட்டம் வந்தது. வேலுவுடைய கார்டு சிவப்பு. கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார். எங்கள் அப்பா மொத்த மளிகை வியாபாரி. வத்தல், மல்லி, சீரகம். வேலு போன பிறகு மச்சியில், அதாவது கடையின் மாடிக் கிடங்கில், வத்தல் தரம் பார்க்க ஆளில்லாமல் இரண்டு வருஷம் கவுண்டர் கவுண்டராக அலைந்து ஒரு ஃபாரம் வாங்கினார். அதில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, ஆள் புதிதாக ரேகை வைக்க வேண்டும். அது பழைய கார்டில் இருக்கும் ரேகையோடு ஒத்துப்போக வேண்டும். இரண்டு, இந்த வேலைக்கு உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி எழுதித் தர வேண்டும்.

அப்பா சொல்லச் சொல்ல நான்தான் டைப் அடித்தேன். ‘மிளகாய் வத்தலைக் கையில் பிடித்தே தரம் சொல்லக்கூடிய உள்ளூர் ஆள் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.’ எனக்கு டைப் வேகம். அந்த வரியை அடித்து முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அதைப் பற்றி யோசிக்க அதைவிடக் குறைவான நேரம் செலவு செய்தேன்.

கப்பலில் வாந்தி எடுத்த கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் நேராக அருப்புக்கோட்டைக்கு வருகிறேன்.

ஊருக்குள் பஸ் நுழைந்ததும் காதில் விழுவது தறிச் சத்தம். தெருவுக்குத் தெரு சத்தம் மாறுகிறது. கைத்தறித் தெருவில் ஆள் மூச்சு வாங்குகிற மாதிரி விட்டு விட்டுக் கேட்கும். விசைத்தறித் தெருவில் பேசவே முடியாது, சைகைதான். எங்கள் பினாங்கில் இந்த அளவு சத்தம் மழைக்குத்தான் உண்டு. இங்கே மழையை யாரும் பார்த்த மாதிரி தெரியவில்லை. ஊரே காய்ந்து, சுவரில் ஒட்டிய போஸ்டர்கள் அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றன.

எங்களுக்கு வத்தல் அனுப்புகிற மண்டிக்காரர் வீட்டில் தங்கல். அவர் மகன் தனபால் எனக்குத் துணை. பி.எஸ்சி. வேலை இல்லை. என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, நான் எந்த வருஷம் பாஸ் என்பது. இரண்டாவது கேள்வி, எங்கள் ஊரிலும் வேலைவாய்ப்பு ஆபீஸ் உண்டா என்பது. உண்டு, நானும் பதிந்திருக்கிறேன் என்றதும் என்னை வெளிநாட்டுக்காரனாக நடத்துவதை அத்தோடு நிறுத்திவிட்டான். ‘ஏலே’ ஆரம்பமாகிவிட்டது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பருத்திப்பால் வாங்கித் தந்தான். பருத்திக்கொட்டையை ஆட்டிப் பாலெடுத்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சுகிறார்கள். மாட்டுக்குப் போடுகிற கொட்டையை மனுஷன் குடிப்பதா என்று நினைத்துக்கொண்டே குடித்தேன். மூன்று கிளாஸ் போனது. பக்கத்தில் நின்ற ஒருத்தர் தன் கூட்டாளியிடம், இந்தப் பையன் பேன்ட்டைப் பார்த்தால் படித்தவன் மாதிரி இருக்கிறது, குடிப்பதைப் பார்த்தால் வேலையில்லாதவன் மாதிரி இருக்கிறது என்றார். இரண்டும் சரி.

தனபாலும் அவன் சேக்காளிகளும் ஒரு ஊர்வலத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். ஒரு மில்லில் வெளி ஜில்லாவிலிருந்து ஆள் கூட்டிவந்து வைத்துவிட்டார்களாம். உள்ளூர்க்காரனுக்கே முதல் வேலை என்பது கோரிக்கை. தட்டியில் அதை எழுதிக்கொண்டிருந்த இடத்துக்கு என்னையும் கூட்டிப்போனான். சிவப்பு மையில் நல்ல எழுத்து.

நான் சும்மா இருந்திருக்கலாம். இதே தட்டியை எங்கள் ஊரிலும் பிடித்தார்கள், அது சட்டமாகிவிட்டது, அதனால்தான் உங்கள் ஊர்க்காரர் வேலு இங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லிவைத்தேன். எழுதிக்கொண்டிருந்தவன் பிரஷ்ஷை நிறுத்திவிட்டான்.

தனபால் தட்டியை ஒரு தடவை பார்த்தான். “அது வேற, இது வேற” என்றான்.

எப்படி வேறு என்று கேட்டேன்.

“ஏலே, அங்க விரட்டுனது எங்காளுகள. இங்க வந்திருக்கது எவனோ. ரெண்டும் ஒண்ணா?”

எல்லோரும் சிரித்தார்கள், அவனும்தான். பிரஷ் மறுபடி ஓடியது. அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. எங்கள் ஊரில் இதே கேள்விக்கு இதே பதில் சொல்லிவிட்டு வேறு பாஷையில் இதே மாதிரிதான் சிரிப்பார்கள்.

மறுநாள் தனபாலோடு திருச்சுழி வழியாக வேலுவின் ஊருக்கு பஸ். உள்ளே ஆள், மேலே நூல் பொதி, பின்னால் இரண்டு ஆடு. என் பக்கத்தில் வீரசோழன் என்கிற ஊரைச் சேர்ந்த காசிம் பாய் என்று ஒரு பெரியவர். நான் பினாங்கு என்றதும் சந்து பொந்தெல்லாம் விசாரித்தார். எங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளி இருபது வருஷம் துணி விற்றவராம். அவரும் சிவப்புக் கார்டுதான்.

பாதி வழியில் இஞ்சின் கொதித்து பஸ் நின்றது. கண்ணுக்கு எட்டின வரைக்கும் கரிசல். வெடித்த தரை, அங்கங்கே கருவேலம், ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. எங்கள் ஊரில் பஸ் நின்றால் பக்கத்து வாய்க்காலில் மொண்டுவிடலாம். இங்கே கண்டக்டர் ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு சீட்டு சீட்டாக வந்தார். ஆளுக்குக் கொஞ்சம் குடிதண்ணீர் தர வேண்டும். கூஜா வைத்திருந்த அம்மா கூஜாவைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். ஒருத்தர் தூங்குகிற மாதிரி நடித்தார். நான் தாராளமாக என் கலர் பாட்டிலை நீட்டினேன்.

“அத நீங்களே குடிங்க தம்பி. இஞ்சினுக்கு இனிப்பு ஆகாது” என்று கண்டக்டர் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

டப்பா நிரம்ப முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை காசிம் பாயும் நானும் கீழே நின்று பேசினோம். நான் எங்கள் ஊர்ப் பத்திரிகையில் அடிக்கடி வருகிற படத்தைப் பற்றிச் சொன்னேன். எங்கள் நாடும் பக்கத்து நாடுகளுமாக மந்திரிகள் ஐந்து பேர் கைகோத்து நிற்பார்கள். ஐந்து நாடும் சேர்ந்து ஒரே சந்தை மாதிரி ஆகப்போகிறது, சரக்கு தடையில்லாமல் போய்வரும், எல்லோருக்கும் வேலை கிடைக்கும் என்று கீழே எழுதியிருக்கும். காலேஜில் இதைப் பற்றி நான் கட்டுரை எழுதி நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன்.

பாய் பஸ் மேலே இருந்த பொதியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “எங்க காலத்துல ரங்கூனு, பினாங்கு, கொழும்பு எல்லாமே ஒரே சந்தைதான தம்பி. படம் எடுக்கத்தான் ஆளில்ல. இப்ப வத்தலுக்கு முத்திரை குத்தி உள்ள விடுறான். வத்தல் தூக்குனவனுக்கு முத்திரை குத்தி வெளிய விடுறான். ஒங்க கட்டுரையில அத எழுதுனீகளா?”

எழுதவில்லை என்றேன். பஸ் கிளம்பிவிட்டது.

வேலுவின் ஊருக்கு முன்னாலேயே இறங்கச் சொன்னார்கள். பஞ்ச நிவாரணத்துக்கு ரோடு போடுகிறார்கள், ஊர் முழுக்க அங்கேதான் இருக்கும் என்றார்கள். இருந்தது. வெயிலில் ஐம்பது அறுபது பேர் குத்தவைத்துக் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோர் தலையிலும் துண்டு. யார் யாரென்று தெரியவில்லை. நான் வாயைக் குவித்து, “வேலு அண்ணே” என்று கத்தினேன்.

இரண்டு பேர் திரும்பினார்கள்.

இரண்டு பேரும் வேலு. ஒரே நெற்றி, ஒரே மூக்கு, ஒரே மாதிரி இடது பக்கம் சாய்கிற தலை. ஒருவர் கல்லைப் போட்டுவிட்டு ஓடிவந்து, “சின்ன மொதலாளியா? ஆத்தாடி, மீசையெல்லாம் மொளச்சுப்போச்சே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் மெல்ல நடந்து வந்து, ஒன்றும் சொல்லாமல் என் சட்டைப்பையில் இருந்த பென்சிலை எடுத்து முனையைப் பார்த்தார்.

அந்தப் பென்சிலைப் பார்த்த விதத்தில்தான் எனக்கு உறைத்தது. இதை விளக்கியாக வேண்டும்.

நான் சின்னவனாக இருந்தபோது வேலு அண்ணன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு துறைமுகம் முழுக்கக் கதை சொல்லுவார். பிறகு ஊருக்குப் போய்விட்டு வந்தார். வந்தவர் பேசவே இல்லை. ஆனால் என் பென்சிலையெல்லாம் ஊசி மாதிரி சீவித் தருவார். ஊருக்குப் போனால் மனுஷன் மாறிவிடுவான் என்று அப்பா சொன்னார். நம்பினேன். பத்து வயசுக்குப் பிறகு கோலாலம்பூரில் மாமா வீட்டில் படித்ததால் அப்புறம் சந்தேகப்பட வாய்ப்பு இல்லை. பட்டதாரி ஆன பிறகும், யோசித்துப் பார்க்காததால், அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.

கதை சொன்னவர் அண்ணன் வேலுச்சாமி. பென்சில் சீவினவர் தம்பி சண்முகம். எங்கள் கடையில் இருந்தது ஒரு இடம், ஒரு கார்டு. மூன்று வருஷம் அண்ணன் வருவார். அவர் ஊருக்குத் திரும்பியதும் அதே கார்டில் தம்பி வருவார். போனவர் சம்பளம் இரண்டு வீட்டுக்கும் பாதிப் பாதி. இருப்பவர் இரண்டு வீட்டு நிலத்தையும் பார்த்துக்கொள்வார். இதற்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் முறை. அந்தப் பக்கத்தில் பல வீடுகளில் இப்படித்தானாம். கடையில் இருந்த எல்லோருக்கும் தெரியும், அப்பாவுக்கும்தான். கார்டில் வேலு என்று இருப்பதால் யார் வந்தாலும் வேலு. அந்த வேலையின் பெயரே வேலு ஆகிவிட்டது.

கடைசியாக வந்து திருப்பி அனுப்பப்பட்டவர் சண்முகம். ஆகவே இப்போது முறை அண்ணனுடையது. இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறார். நான் ஃபாரத்தோடு வந்து நின்றதும் கல் உடைத்துக்கொண்டிருந்தவர்கள் முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். அண்ணனைப் பார்த்து ஒருத்தர், வேலு கப்பல் ஏறும்போது சுத்தியலை எனக்குத் தந்துவிடு என்று கேட்டார்.

அன்றைக்கு அவர்கள் வீட்டில் குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும். அண்ணன் மனைவி பாக்கியம் பரிமாறினார். வேகமான கை, அதைவிட வேகமான வாய். பினாங்கில் தினம் மழை பெய்யும் என்கிறார்களே, அப்படியானால் துணி எப்போது காயும் என்று கேட்டார். காயாது என்றேன். அப்படியானால் எங்கள் ஊரிலும் குறை இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் அண்ணனும் நானும் தனபாலும் திருச்சுழிக்குப் போனோம். ரேகை வைத்து, அதை ஒரு அதிகாரி பார்த்து முத்திரை போட வேண்டும். ரேகை சுத்தமாக விழ வேண்டும் என்பதால் முதலில் பத்திரம் எழுதுகிறவர் ஒருவரிடம் போனோம். காலையிலிருந்து சாயங்காலம் வரை மற்றவர் கட்டைவிரலைப் பிடித்து மையில் உருட்டுவதே அவர் பிழைப்பு. வேலுச்சாமியின் விரலை வாங்கிப் பார்த்து, கல் உடைத்து உடைத்துத் தேய்ந்திருக்கிறது என்று சொல்லி, தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து, ஒரு வெற்றுத் தாளில் பதம் பார்க்க உருட்டினார். நன்றாக விழுந்தது.

பிறகு நான் கொண்டுவந்திருந்த கார்டு நகலைக் கேட்டு வாங்கினார். பூதக்கண்ணாடியை இரண்டுக்கும் மாற்றி மாற்றி வைத்தார். எழுந்து வாசல் வெளிச்சத்துக்குப் போய் மறுபடி பார்த்தார்.

“இது சுழி. கார்டுல இருக்கது வளைவு. இவரு விரலு இல்ல இது” என்றார்.

அண்ணன் தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல விளக்கம் வந்தது. பழைய கார்டையெல்லாம் வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் புதுக் கார்டு கொடுத்த வருஷம், வரிசையில் போய் நின்றது சண்முகம். அது அவர் முறை. பெயர் அண்ணனுடையது, ரேகை தம்பியுடையது. அதற்குப் பிறகு அண்ணன் ஒரு முறை போய்வந்தார், யாரும் விரலைப் பிடித்துப் பார்க்கவில்லை.

“ரேகையெல்லாம் எவன் தம்பி பாத்தான் அப்ப” என்றார் என்னிடம், நான் ஏதோ குற்றம் சொன்ன மாதிரி.

தம்பி ரேகையை வைத்துக்கொண்டு அண்ணன் போகலாமே என்று தனபால் ஒரு யோசனை சொன்னான். முடியாது. துறைமுகத்தில் இறங்கியதும் மறுபடி விரலை உருட்டுவார்கள். ஃபாரத்தில் யார் ரேகையோ அந்த ஆள்தான் இறங்க முடியும். அதை நான் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. பத்திரம் எழுதுகிறவர் அந்தப் பதம் பார்த்த தாளைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, கூலி வேண்டாம் என்றார். ஓட்டலில் மூன்று சாப்பாடு சொன்னோம். இரண்டுதான் சாப்பிடப்பட்டது.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் பாக்கியம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். சண்முகம் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். சகோதரர்கள் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள், மலாயில். பினாங்கு கடைத்தெரு மலாய், இலக்கணம் கிடையாது, வேகம் உண்டு. வீட்டில் மற்றவர்களுக்குப் புரியக் கூடாது என்றால் அவர்கள் அப்படித்தான் பேசிக்கொள்வார்களாம். நான் இருப்பதை மறந்துவிட்டார்கள். சண்முகம் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. தமிழில் மௌனமானவர் மலாயில் ஓயாமல் பேசினார்.

நீ போ, விரல் உன்னுடையது என்றார் அண்ணன். முறை உன்னுடையது, நான் தொடமாட்டேன் என்றார் தம்பி. அன்றைக்கு வரிசையில் நீ நின்றிருந்தால் உன் விரல்தானே விழுந்திருக்கும், இதில் எனக்கென்ன உரிமை என்றார். இரண்டு பேரும் இங்கேயே கல் உடைத்துச் சாகலாமா என்றார் அண்ணன். சாகலாம், ஆனால் உன் இடத்தைத் தின்றவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம் என்றார் தம்பி.

பாக்கியம் தரையில் கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

“தமிழ்ல பேசுங்க. இத்தன வருசமா இந்தப் பாசைய வச்சுத்தான் என்னைய வாசல்ல நிறுத்துறீக.”

இரண்டு பேரும் நிறுத்தினார்கள். அவர் என் பக்கம் திரும்பினார். அவர் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

“தம்பி, நீங்க படிச்சவுக. எனக்கு ஒண்ணு சொல்லுங்க. இந்தத் தடவ கொழுந்தனாரு போனா, அடுத்த தடவ இவுக போக முடியுமா?”

முடியாது என்றேன். இனி ரேகை உள்ளவர்தான் போக முடியும். எப்போதும்.

“அப்ப பாதிச் சம்பளம் வரும். ஆனா போறதும் வாறதும் அவுகதான். இன்னைக்கு அவுக நல்லவுக. நாளைக்கு அவுக பிள்ளைக கேப்பாக, எங்கப்பன் ஒருத்தரு சம்பாதிச்சத எதுக்குப் பெரியப்பன் வீட்டுக்குக் குடுக்கணும்னு. கேப்பாகளா மாட்டாகளா? மொறை இருந்தாத்தான் தம்பி பாதி. மொறை போச்சுன்னா அது பிச்சை.”

காலேஜில் மூன்று வருஷம் பொருளாதாரம் படித்தேன். ஒருத்தரும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தந்ததில்லை. சண்முகம் வெளியே போய்விட்டார். அன்றைக்கு அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

நான்காம் நாள் காலையில் அண்ணன் சட்டை போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். சண்முகத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். சண்முகம் வரமாட்டேன் என்று இரண்டு இடத்தில் நின்றார். இரண்டாவது தடவை நின்றபோது அண்ணன் திரும்பி, தமிழிலேயே, பாக்கியத்துக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“யாரு போனா என்னடா. அங்க போய் எறங்குறது வேலுதான?”

சண்முகத்துக்கு லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. பாக்கியம் சிரிக்கவில்லை. ஆனால் சண்முகத்துக்குத் துவைத்த துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

திருச்சுழியில் ரேகை விழுந்தது. பத்திரம் எழுதுகிறவர் கண்ணாடியை வைத்துப் பார்த்து, அதே வளைவு என்றார். முத்திரையும் ஆயிற்று. எல்லாம் ஒரு மணி நேர வேலை. அண்ணன் ஃபாரத்தை வாங்கி அங்கே இங்கே திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுசாகப் படிக்கச் சொன்னார். தனபால் இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை என்கிற இடம் வந்ததும் அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார்.

“தம்பி, நீங்க இப்ப என்ன சோலி பாக்குறீக?”

தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

“எம்புட்டு நாளா?”

ஒரு வருஷம் ஆகப்போகிறது என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். தனபாலிடம், மேலே படி என்றார். தனபால் படித்தான். ஆனால் அவன் கண் ஒரு தடவை என் மேல் வந்துவிட்டுப் போனது. தட்டி எழுதினவன் அல்லவா. உள்ளூர் ஆள் என்றால் யார் என்று அவனுக்குத் தெரியும்.

நான் அப்போது அதைத் தட்டிவிட்டேன். எனக்கும் வத்தலுக்கும் என்ன சம்பந்தம்? மச்சிப் படி ஏறினாலே எனக்குப் பத்துத் தும்மல் வரும்.

திரும்பும்போது அருப்புக்கோட்டையில் ஒரு நாள் இருந்தேன். பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டேன். எங்கள் ஊர் ரொட்டியைவிடப் பரோட்டா ஒரு படி மேல் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தனபால் வழியனுப்ப வந்தபோது ஊர்வலத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் பட்டியலைக் காட்டினான். நீ இன்னும் இரண்டு நாள் இருந்தால் உன்னையும் நடக்கவைப்பேன் என்றான். உள்ளூர்க்காரனுக்கு வேலை கேட்கிற ஊர்வலத்தில் வெளிநாட்டுக்காரன் எப்படி நடப்பது என்றேன். வேலையில்லாதவன் எல்லா ஊரிலும் உள்ளூர்தான் என்றான். பேச்சுக்கு நன்றாக இருந்தது. மில் கேட்டில் அதைச் சொன்னால் உள்ளே விட மாட்டார்கள்.

பினாங்கு வந்ததும் அப்பாவும் நானும் ஃபாரத்தோடு கவுண்டருக்குப் போனோம். என் வயசு இருக்கும், ஒரு மலாய் அதிகாரி. மரியாதையானவர். நாற்காலி போட்டார். கண்ணாடி வைத்து ரேகையைப் பார்த்தார். ஒத்துப்போகிறது என்றார். முத்திரையைப் பார்த்தார். சரி என்றார். அப்பா என் முதுகில் லேசாகத் தட்டினார். நான் பிறந்து அவர் அப்படித் தட்டியது அதுதான் இரண்டாவது தடவை.

பிறகு அதிகாரி ஃபாரத்தைக் கொஞ்சம் தூரத்தில் பிடித்துப் பார்த்து, டைப் ரொம்பச் சுத்தமாக இருக்கிறதே, யார் அடித்தது என்று கேட்டார்.

நான்தான் என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்றார்.

அப்பாவின் கை இன்னும் என் முதுகில் இருந்தது. அது அசையாமல் நின்றதை உணர்ந்தேன். ஏதாவது ஒரு கம்பெனிப் பெயரைச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பெயர்களுக்குப் பஞ்சமில்லை, நாற்பது கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டவன். ஆனால் அவர் கேட்ட வேகத்துக்கு என் வாயிலிருந்து வந்தது, தினம் எல்லோருக்கும் சொல்லிப் பழகின அதே பதில்.

இன்னும் கிடைக்கவில்லை என்றேன்.

கார்டு என்ன நிறம் என்று அவர் கேட்கவில்லை. என் சட்டைப்பையில் இருந்தது நீலம். என் தம்பிக்கும் வேலை இல்லை, அவனும் காலேஜ் முடித்தவன்தான் என்றார் அவர், யாரிடமோ சொல்லுகிற மாதிரி. பிறகு நான் டைப் அடித்த வரிக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டு, ஓரத்தில் சின்னதாக ஒரு வரி எழுதினார். தலைகீழாக இருந்தாலும் படிக்க முடிந்தது. உள்ளூர் ஆள் இருக்கிறார்.

பெர்மிட் போச்சு. கடைக்கு வந்ததும் அப்பா மச்சிச் சாவியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

இதோடு ஏழு மாதமாகிறது. இப்போது தும்மல் நாளுக்கு நாலைந்தோடு நின்றுவிடுகிறது. வத்தலைக் கையில் எடுத்துக் குலுக்கினால் விதைச் சத்தத்தில் ஈரம் தெரியும் என்பது தெரிந்துவிட்டது. அருப்புக்கோட்டை மண்டி முத்திரையோடு மூட்டைகள் மாசம் தவறாமல் வந்து இறங்குகின்றன. ஒரு மூட்டையையும் யாரும் திருப்பி அனுப்பவில்லை. கீழே லோடு இறக்குகிற ஆட்கள் மச்சியைப் பார்த்து, “வேலு” என்று கத்துகிறார்கள். பல வருஷப் பழக்கம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. முதல் வாரம் நான் என் பெயரைச் சொல்லித் திருத்தினேன். இப்போது எட்டிப் பார்த்து என்ன வேண்டும் என்று கேட்கிறேன்.

நடந்ததையெல்லாம் மறைக்காமல் வேலுச்சாமி அண்ணனுக்குக் கடிதம் போட்டேன். பதில் வர இரண்டு மாதம் ஆனது. தனபால் கையெழுத்து. ஓரத்தில் அவன் சொந்தமாக ஒரு வரி கிறுக்கியிருந்தான். ஊர்வலம் நடந்ததாம், நாற்பது பேர் வந்தார்களாம், வேலைதான் இன்னும் வரவில்லையாம். மற்றதெல்லாம் அண்ணன் சொல்லச் சொல்ல எழுதினது. ரோடு வேலை முடிந்துவிட்டது, மழை இல்லை, பாக்கியம் என் துணி காய்கிறதா என்று கேட்கச் சொன்னாள் என்று போய்க்கொண்டிருந்தது. என் மேல் கோபம் என்று ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் இப்படி இருந்தது:

‘அந்த எடத்துல நீங்க உக்காந்தது சரிதான் தம்பி. எடம் சும்மா கெடக்கப்படாது. ஆனா மொறைன்னா எல்லாருக்கும் மூணு வருசம்தான். ஒங்களுக்கு முடியப்போகுதுன்னதும் ஒரு கார்டு போடுங்க. அடுத்து யாரு மொறைன்னு ஒங்களுக்கே தெரியும்.’